லொறி திரும்ப ஓர் இடம்

தோட்டங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது வாகன விபத்துத் தடுப்பு என்று ஒரு பாடமும் நடத்தியிருப்பார்கள். திரையில் படம் காட்டியிருப்பார்கள். மஞ்சள் அங்கி போட்டுக் கூட்டமாகப் படம் பிடித்திருப்பார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கவனமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். நல்லது. அதை இன்றைக்கே மறந்துவிட்டால் உங்கள் பிரிவில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இன்னும் நல்லது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்த வேலைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் இன்னும் கண்டாக்கையாதான். என் வேலைக்காலம் முழுவதிலும், நடக்கப்போகிறது என்று யாருக்குமே தெரியாமல் நடந்த வாகன விபத்து ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நடந்த பிறகுதான் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்தை நடிப்பதற்கு உத்தியோகம் உயர உயரத் திறமையும் கூடும்.

எங்கள் மேல்பிரிவில் கொழுந்து மடுவம் ஒரு கிளை றோட்டின் நுனியில் இருந்தது. மடுவம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மரத்தூண்கள், மேலே தகரம், நடுவில் தராசு. பறித்த கொழுந்தை அங்கே நிறுத்து லொறியில் ஏற்றுவோம். றோட்டு அதற்கு அப்பால் போகாது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்கரை, கரைமேல் தேயிலை. லொறி திரும்ப இடமே இல்லை. அதனால் மேலே றோட்டு வளைகிற முடக்கிலேயே திருப்பிக்கொண்டு, அங்கிருந்து சரிவில் பின்பக்கமாகவே இறங்கி வரும். நிறுக்கிறதற்காக மூட்டைகளோடு பெண்கள் வரிசையாக நிற்பதும் அதே வழியில்தான்.

முன்பெல்லாம் லொறியோடு ஒரு கையாள் வருவான். இறங்கி நின்று பலகையைத் தட்டித் தட்டிச் சாரதிக்கு வழி சொல்வான். செலவைக் குறைக்கிறோம் என்று அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சாரதி செல்வராஜ் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தனியாகவே இறக்குவான். மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடியில் என்ன தெரியும்? மழை தெரியும்.

இதற்கு வைத்தியம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மடுவத்துக்குப் பக்கத்தில் மண்கரையை வெட்டி, இருபதுக்கும் குறைவான தேயிலைச் செடிகளைப் பிடுங்கினால், லொறி முன்பக்கமாகவே இறங்கி வந்து அங்கேயே திரும்பிப் போகலாம். இது யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை. செல்வராஜுக்குத் தெரியும், பறிக்கிற பெண்களுக்குத் தெரியும், தோட்டத்து மேனேஜர் பெரிய துரைக்கும் தெரியும். அவருடைய ஜீப்பும் அங்கே திரும்ப முடியாமல் பின்பக்கமாகத்தானே ஏறிப் போகும்.

பரமேஸ்வரி என்று ஒருத்தி. நாற்பது தாண்டியவள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. ஒருநாள் மூட்டையை றோட்டோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தவள், யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனாள். அவள் நாலடி தள்ளுவதற்குள் லொறியின் பின்சக்கரம் அந்த மூட்டைமேல் ஏறி நின்றது. படங்குச் சாக்கு கிழிந்து, கொழுந்து கூழாகிக் கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள்.

நான் ஆபீசுக்குப் போய்ப் பெரிய துரையிடம் சொன்னேன்.

"கொழுந்து எவ்வளவு சேதம்?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை சேர்."

"அதுதானே, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்து எவ்வளவு?"

மண்கரையை வெட்ட வேண்டும் என்றேன். செடி பிடுங்க வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "தேயிலையைப் பிடுங்கவா? நல்லாக் காய்க்கிற மாட்டை வெட்டச் சொல்கிற மாதிரி" என்று ஏதோ தமிழில் உளறினார். கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து அனுமதி வேண்டும் என்றார். கேட்டு எழுதுங்கள் என்றேன். பார்ப்போம் என்றார். இந்தத் தொழிலில் 'பார்ப்போம்' என்பதற்கு அர்த்தம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

வெளியே வந்தபோது எங்கள் பெரிய கிளாக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். தோட்டத்தில் எல்லோரும் அவரை அனுபவசாலி என்பார்கள். என்மேல் அவருக்கு உண்மையாகவே அன்பு உண்டு.

"தம்பி, விபத்துன்னா ரெண்டே காரணந்தான்" என்றார். "ஒண்ணு தொழிலாளியோட கவனக்குறைவு. இன்னொண்ணு சாரதியோட கவனக்குறைவு. மூணாவதா ஒண்ணத் தேடிப் போனீங்கன்னு வைங்க, அது நேரா ஆபீசுக்கு வந்து நிக்கும்."

இந்த அறிவுரையால் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் சங்கடப்பட்டதில்லை. நீங்களும் இப்படி ஒருவரைச் சந்திப்பீர்கள். அன்பாகத்தான் பேசுவார். கும்பிட்டுவிட்டு விலகிப் போங்கள்.

செடி பிடுங்குவதற்குப் பதிலாக என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

முதலில் முடக்கில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள். ஆங்கிலத்தில். பின்பக்கமாகப் போகிற சாரதி அந்தப் பலகையைக் கடந்து போன பிறகு அவன் கண்ணில் படுவது அதன் முதுகுதான். கீழே நிற்கிற பெண்களுக்கு அது எந்த மொழி என்பதே பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவர்கள் பக்கமும் அதே முதுகுதான்.

அடுத்தது மஞ்சள் அங்கி. பாதுகாப்பு வாரம் என்று சொல்லி எல்லாப் பெண்களுக்கும் போட்டுவிட்டுப் படம் பிடித்தார்கள். படம் கொழும்புக்குப் போனது. அங்கிகள் கறை பட்டுவிடும் என்று அன்று பின்னேரமே வாங்கி ஸ்டோரில் பூட்டினார்கள்.

மூன்றாவதாகச் செய்தது மட்டும் உருப்படியானது. லொறி பின்னால் போகும்போது பாட்டுச் சத்தம் வருகிற ஒரு கருவியைப் பூட்டினார்கள். சகிக்க முடியாத பாட்டு. ஆனால் மூடுபனியிலும் கேட்கும். கேட்டவுடன் பெண்கள் கரையோரம் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பழைய பங்களா இப்போது சுற்றுலா விடுதி. அங்கே தங்க வந்தவர்களில் யாரோ, என்ன இந்த இரைச்சல் என்று கேட்டார்களாம். மறுநாள் கராஜில் வைத்து அந்த வயரை வெட்டிவிட்டார்கள். விருந்தினர் தூக்கம் கெடக்கூடாது பாருங்கள்.

நான் மறுபடி போய்க் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். ஒருநாள் பெரிய துரை சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு லொறிமேல் ஏதாவது கோபமா?" என்றார்.

பிறகு அந்த மழை நாள் வந்தது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, கரைமேல் இருந்த தேயிலையே தெரியவில்லை. பெண்கள் தலையில் பிளாஸ்டிக் சீட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மழை அந்தச் சீட்டில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நான் தராசடியில் நின்றிருந்தேன். லொறி முடக்கிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. செல்வராஜ் பிரேக்கை அழுத்தியிருக்கிறான், களிமண்ணில் சக்கரம் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து மடுவத்துத் தூணோடு முட்டி நின்றது. தூணுக்கு முன்னால் பரமேஸ்வரி நின்றிருந்தாள்.

லொறியின் பின்பக்க இரும்புச் சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவில் அவளுடைய வலது தொடை மாட்டிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "முன்னுக்கு எடு! முன்னுக்கு எடு!"

செல்வராஜ் கியரைப் போடுவது தெரிந்தது. நான் லொறிப் பக்கவாட்டில் ஓடிக் கதவைத் தட்டினேன். "எடுக்காத! எஞ்சின நிப்பாட்டு! பிரேக்குல இருந்து கால எடுக்காத!"

எங்கள் பிரிவுக் கங்காணி என் தோளைப் பிடித்து இழுத்தார். "என்னங்கையா, ஆளு சாகுது, நிப்பாட்டச் சொல்றீங்க?"

"சரிவு கங்காணி. சேறு. முன்னுக்குப் போறதுக்கு முந்தி ஒரு சாண் பின்னுக்கு வரும். அந்த ஒரு சாண் யார் மேல?"

அவர் கையை எடுத்தார். அதன் பிறகு அந்த மனிதர் செய்த வேலையை மறக்க முடியாது. கரையில் கிடந்த கற்களைப் புரட்டிப் புரட்டிச் சக்கரங்களுக்கு அடியில் அண்டை கொடுத்தார். கை கிழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

தம்பிமாரே, இதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்த நேரத்தில் எல்லோரும் கத்துவது எப்போதும் ஒரே விஷயமாகத்தான் இருக்கும்: சீக்கிரம் எதையாவது செய். வாகனத்தை அசைப்பதுதான் கண்ணுக்கு முன்னால் தெரிகிற வழி. முதலில் அது அசையாமல் இருக்க வழி பாருங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

லொறியை அசைக்க முடியாது என்றால் தூணைத்தான் எடுக்க வேண்டும். கோடரி போட்டால் ஒவ்வொரு அடியும் அவள் எலும்பில் விழும். லயத்திலிருந்து விறகு அறுக்கிற வாளை எடுத்து வர ஒருவரை ஓடச் சொன்னேன். தூணை அறுத்தால் கூரை இறங்கும். அதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மூட்டைகளைப் போட்டுவிட்டு, கூரைச் சட்டத்தின் அடியில் வரிசையாக நின்று கைகளை உயர்த்தித் தாங்கிக்கொண்டார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. தகரத்துத் தண்ணீர் அவர்கள் முழங்கை வழியாக இறங்கி ஓடியது. இருவர் பரமேஸ்வரியைப் பின்னாலிருந்து அக்குளில் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "ஐயா, என் கொழுந்த நிறுத்துட்டீங்களா?" என்றாள்.

"நிறுத்தாச்சு" என்றேன். நிறுக்கவில்லை.

வாள் வந்தது. அறுக்கத் தொடங்கும் நேரத்தில் என் போன் அடித்தது. பெரிய துரை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மடுவத்தை உடைக்கப் போகிறீர்களாமே? ஒன்றும் செய்யாதீர்கள். நான் வந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்கிறேன்."

"சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டேன். கங்காணியிடம் திரும்பி, "அறுங்க" என்றேன்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நேரத்தில் மேலதிகாரியோடு வாதாடிப் பிரயோசனமில்லை. 'சரி சேர்' என்பதற்கு ஒரு மூச்சுத்தான் செலவு.

தூண் விலகியதும் அவளைப் பக்கவாட்டில் இழுத்துப் பலகையில் கிடத்தினோம். தோட்டத்து அம்புலன்ஸ் டயர் இல்லாமல் கராஜில் நின்றது. அதை வேறு தனியாகத் திட்ட வேண்டும், இங்கே இடம் போதாது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து தங்கள் வேனைக் கொடுத்தார்கள். இருக்கையை மடித்து, அவர்களே பலகையைப் பிடித்து ஏற்றினார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார்கள். பாட்டுச் சத்தம் எதற்காக இருந்தது என்று முன்பு தங்கியவர்களிடம் ஒருவராவது சொல்லியிருந்தால், அவர்களும் பேசாமல் இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. கேட்டவர்கள் கேட்டார்கள். வெட்டியவர்கள் யார்?

பெரிய துரை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சரிந்து நின்ற கூரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

அவள் பிழைத்தாள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

விசாரணை நடந்தது. பெரிய கிளாக்கர் தன் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தார். தலையில் பிளாஸ்டிக் சீட்டுப் போட்டிருந்தபடியால் வாகனம் வரும் சத்தத்தைக் கவனிக்கத் தவறிய தொழிலாளியின் கவனக்குறைவு. அதோடு, ஈரத் தரையில் போதிய நிதானமின்றி ஓட்டிய சாரதியின் கவனக்குறைவு. இரண்டையும் ஒரே விபத்தில் சேர்த்துவிட்டார். செல்வராஜை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"அந்தச் சீட்டைக் கொடுத்தது தோட்டம்" என்றேன். "சத்தத்தை வெட்டியதும் தோட்டம். வழி காட்டுகிற ஆளை எடுத்ததும் தோட்டம்."

"அதெல்லாம் எழுதுறதுக்கு இதுல எடமில்ல தம்பி" என்றார் கிளாக்கர், வருத்தத்தோடு. உண்மையிலேயே வருத்தத்தோடுதான். அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை ஆட்கள் கூடுகிற பெரட்டில் இருந்து யாரும் மலைக்குப் போகவில்லை. வேலை பிரிக்கிற நேரத்தில் முன்வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள், "கொழுந்து எடுப்போம் ஐயா. மடுவத்துக்குக் கொண்டு போக மாட்டோம். மேல முடக்குல வைப்போம். நிறுக்கிறவங்க அங்க வந்து நிறுத்துக்கங்க."

பெரிய துரைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எப்படியாவது இறக்குங்கள். அது உங்கள் வேலை" என்றார்.

அப்போது ஒன்று எனக்குத் தெளிவாக விளங்கியது. இத்தனை காலமும் நான் அனுமதி கேட்ட ஆளுக்கு அதைக் கொடுக்கிற எண்ணமே இல்லை. மறுக்கிற துணிவும் இல்லை. இன்னும் நூறு தடவை கேட்டாலும் பார்ப்போம் என்பார். நான் கங்காணியைக் கூப்பிட்டு, அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஆம்பிளையாட்களை மடுவத்துக்கு வரச் சொன்னேன்.

"என்ன வேலைன்னு கணக்குல போடுறதுங்கையா?"

"தண்ணிக் கான் வெட்டுன்னு போடுங்க. அப்புறம் பார்ப்போம்."

தேயிலை வேர் லேசில் விடாது. முதல் செடி அசைய வெகுநேரம் ஆனது. பெண்கள் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது செடி சரிந்தபோது அவர்களும் இறங்கி வந்து மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். பாதி வேலை முடிந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

"யாருடைய உத்தரவு?" பெரிய துரை இறங்காமலே கேட்டார்.

"என்னுடையது சேர்."

"இது கம்பெனித் தேயிலை. இதற்கு என்ன நடக்கும் தெரியுமா?"

"தெரியும் சேர். செடியை வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம்."

அவர் என்னைப் பார்த்தார். மண்வெட்டியோடு நின்ற எல்லோரையும் பார்த்தார். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, அவர்கள் நிறுத்தாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் முகத்தில் எழுதியிருந்தது. ஜீப் திரும்ப இடம் தேடி, நாங்கள் வெட்டி வைத்திருந்த புது மண்ணில் ஏறி அழகாகத் திரும்பிப் போனது. அந்த இடத்தில் முதன்முதலாகத் திரும்பிய வாகனம் அதுதான். பெண்கள் சிரித்த சிரிப்பு அவருக்கும் கேட்டிருக்கும்.

எனக்குக் குற்றப்பத்திரம் வந்தது. தோட்டச் சொத்தை அழித்தது, உத்தரவை மீறியது. கீழ்ப்பிரிவுக்கு மாற்றினார்கள். தொழிற்சங்கம் தலையிட்டுச் செல்வராஜை மறுபடி லொறியில் ஏற்றியது. லொறி அன்றிலிருந்து முன்பக்கமாக இறங்கி, திரும்பி, முன்பக்கமாகவே ஏறிப் போகிறது. அங்கே கவனமாக இருங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குத் தேவை இல்லை. ஆளைக் கவனமாக இருக்கச் சொல்வது, இடத்தைச் சரி செய்யச் சோம்பல்படுகிறவன் கண்டுபிடித்த மந்திரம்.

பரமேஸ்வரி ஊன்றுகோலோடு திரும்பி வந்தாள். மலை ஏற முடியாது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள்.

கொஞ்ச காலம் போனதும் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், எங்கள் தோட்டத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க. மேல்பிரிவில் வாகனம் திரும்புவதற்கு இடம் அமைத்த முன்மாதிரியான முயற்சிக்காம். வெட்டிய மண்கரைக்குச் சுண்ணாம்பு அடித்து, நாடா கட்டியிருந்தார்கள். பூட்டி வைத்த மஞ்சள் அங்கிகளை வெளியே எடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நாற்காலி அடுக்க.

பெரிய துரை ஆங்கிலத்தில் பேசினார். நிர்வாகத்தின் தொலைநோக்கு என்றார். பிறகு, பயன் பெற்ற தொழிலாளி ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று பரமேஸ்வரியை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். யாருடைய யோசனையோ தெரியாது. அவளைத் தெரிந்தவர் யாரும் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

அவள் அவசரப்படாமல் பேசினாள். "என் காலு ஒடையறதுக்கு முந்தியும் இதே மலைதான். இதே லொறிதான். இந்த எடத்துல நின்ன செடியப் பிடுங்க அரை நாள் ஆச்சு. அந்த அரை நாள் முந்தி எங்க இருந்திச்சுன்னு யாராவது எனக்குச் சொன்னா நல்லா இருக்கும்."

தமிழ் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொழும்புப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மலர்ந்த முகத்தோடு கைதட்டினார். அவர் தட்டியதால் மேடையில் இருந்தவர்களும் தட்டினார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று அவர் குனிந்து கேட்டார்.

"நிர்வாகத்துக்கு நன்றி சொல்கிறார்" என்றார் பெரிய துரை.

சிங்களத்தில்தான் சொன்னார். அவள் பக்கத்திலேயே நின்றாள். நுவரெலியா மார்க்கெட்டில் வருஷக்கணக்காகச் சிங்களத்தில் விலை பேசி மரக்கறி வாங்குகிறவள் அவள். போகத் திரும்பியவள் நின்றாள். ஊன்றுகோலை மைக்குக் கம்பியில் சாத்திவிட்டு, முதலில் சொன்னதையே ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள், கொழும்புப் பெரியவரின் முகத்தைப் பார்த்து.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவர் கையில் பிடித்திருந்த சான்றிதழை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்தார். பரமேஸ்வரி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச நேரமாகிவிட்டது என்று மேடையில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாள்.